சத்தம் நின்றால் போதும்

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தம்போய் வட்டாரத்தில் அவரைத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "ரொம்ப அமைதியான மனுஷன்" என்பார்கள். "தன்மையானவர்" என்றும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். நான் அவரிடம் இரண்டு வருடத்துக்குமேல் வேலை பார்த்தவள். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருடைய வக்கீல் பேசுவார்; அவர் பேசமாட்டார்.

டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கிளினிக்குகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் சின்னச் சின்ன மென்பொருள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அவரையும் சேர்த்து ஐந்து பேர். ஆண்கள் எல்லாம் அவருக்குத் தம்பி, பெண்கள் எல்லாம் தங்கச்சி. எங்களுக்கு அவர் அண்ணன். ஒரு காலத்தில் சிங்கப்பூரில் பெரிய கம்பெனியில் இருந்தவராம். "நான் சிங்கப்பூர்ல இருந்தப்ப" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு டீ ஆறிவிடும். அங்கே என்ன வேலை பார்த்தார் என்பதை மட்டும் கடைசிவரை சொன்னதில்லை.

அவருக்கு ஆகாதது ஒன்றுதான். ஏதாவது ஒன்று கத்தக்கூடாது. மனிதர் கத்தினாலும் சரி, மிஷின் கத்தினாலும் சரி, ஏன் கத்துகிறது என்று பார்க்கவே மாட்டார். வாயை எங்கே மூடலாம் என்றுதான் பார்ப்பார்.

அவர் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். எஞ்சின் சூடேறினால் சிவப்பாக எரிகிற விளக்கின்மேல் ஒட்டிய டேப் அது. "சும்மா எரிஞ்சிக்கிட்டே இருக்கு தங்கச்சி, கண்ணு கூசுது" என்பார். ஒரு தடவை பத்து பாகாட் என்கிற ஊரில் ஒரு கிளினிக்கைப் பார்க்க என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஆயர் ஈத்தாம் தாண்டியதும் முன்பக்கம் புகை கிளம்பி வண்டி நின்றுவிட்டது. வெயிலில் வெகுநேரம் நின்றோம். இழுவை வண்டியில் வந்த சீனர் காருக்குள் தலையை விட்டு, அந்த டேப்பை நகத்தால் உரித்தார். உள்ளே விளக்கு நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. "அலமாக், பாஸ்" என்று தலையிலடித்துக்கொண்டார் அவர். இவருக்கு வெட்கம் வரவேண்டுமே! எஞ்சினை மாற்றினார். புது டேப் வாங்கி ஒட்டினார்.

பக்திக்குக் குறைச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அலுவலகத்தில் பூஜை. சர்வருக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், சுற்றிலும் மஞ்சள் கயிறு, அடியில் எலுமிச்சம்பழம். பிறகு சாம்பிராணி. முதல் வெள்ளிக்கிழமை அந்தப் புகையில் கூரையிலிருந்த தீ எச்சரிக்கைக் கருவி அலறியதாம். நீங்களும் நானும் ஜன்னலைத் திறந்திருப்போம். அவர் நாற்காலியில் ஏறி, நாசி லெமாக் சோறு கட்டிவந்த பிளாஸ்டிக் பையை அதன் தலையில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டாராம். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. சம்பல் எண்ணெய்க் கறைகூடப் போகவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். மகன் வீட்டுப்பாடம் செய்வதில்லை என்று பள்ளி ஆசிரியை அடிக்கடி போன் செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் இவர் எங்களிடம் பெருமையாகச் சொன்னார்: "பையன் இப்ப ஓகே. டீச்சர் போனே அடிக்கிறதில்ல." ஆசிரியையின் எண்ணை இவரே தடுத்து வைத்திருந்தது பேச்சு வாக்கில் பிறகு வெளிவந்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். இவர் பூனைக்குப் பாடம் நடத்துவார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கருமி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. சம்பளம் கூட்டிக் கேட்டால் மறுபேச்சில்லாமல் கூட்டுவார். வெள்ளிக்கிழமை வாழையிலைச் சாப்பாடு அவர் செலவு. ஆரம்பத்தில் இதையெல்லாம் நல்ல குணம் என்று நம்பி, குளுவாங்கில் இருக்கிற அம்மாவிடம்கூடப் புகழ்ந்திருக்கிறேன். கேட்பதும் அவருக்கு ஒரு சத்தம்தான், அதை நிறுத்தத்தான் கொடுக்கிறார் என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

எங்களுக்கு இருந்த வாடிக்கையாளர்களில் முக்கியமானது ஒரு டயாலிசிஸ் சென்டர். தர்மத்தில் நடப்பது. வேலையை ஆரம்பித்த அன்றே அங்கிருந்த மிஸ்ஸி எங்களை உட்காரவைத்துச் சொன்னார். நர்சை இங்கே மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். "இவங்களுக்குக் கிட்னி வேலை செய்யாது. வாரத்துல மூணு நாள் மிஷின்ல ரத்தத்தச் சுத்தம் பண்ணணும். ஒரு நாள் தப்புனா உடம்புல தண்ணி ஏறும், ஹார்ட் நின்னாலும் நின்னுரும். அதனால கூட்டிட்டு வர்ற வேன் கண்டிப்பா வரணும்." எல்லாரும் தலையாட்டினோம். எங்கள் அண்ணன்தான் அதிகமாக ஆட்டினார்.

வேலை இதுதான். மறுநாள் வரவேண்டிய நோயாளிகளின் பெயர்களை மிஸ்ஸி மதியம் கணினியில் ஏற்றுவார். எங்கள் சர்வர் அதை ஜேசனாக மாற்றி வேன் கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். ஜேசன் என்றதும் மிரள வேண்டாம். 'பெயர்: இன்னார், மாடி: நான்கு, சக்கர நாற்காலி: ஆம்' என்று ஒவ்வொரு விவரத்தையும் அதன் தலைப்போடு எழுதுகிற முறை, அவ்வளவுதான். அது பாதுகாப்பான வழியில் போகவேண்டும். பாதுகாப்பு என்பதில் இரண்டு காரியம் இருக்கிறது. நடுவழியில் எவரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது ஒன்று. வாங்கிக்கொள்கிறவர் உண்மையில் அவர்தானா என்று சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது இன்னொன்று. தாமான் குடியிருப்பு வாசலில் காவலுக்கு இருக்கிற ஜாகா அடையாளத்துக்கு ஐசி அட்டை கேட்கிறார் அல்லவா, அதுபோல. பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் தவறான ஆளிடம் கொடுத்தால் என்ன பிரயோசனம்?

அந்த நிரலை முதன்முதலில் திறந்தபோதே பார்த்துவிட்டேன். சான்றிதழைச் சோதிக்காதே என்று ஒரு வரி. பக்கத்தில் மலாயில் அவரே எழுதிய குறிப்பு: 'ஜாங்ஙான் காச்சாவ்.' தொந்தரவு பண்ணாதே என்று அர்த்தம். அது எங்களுக்குச் சொன்னதா கணினிக்குச் சொன்னதா தெரியவில்லை. நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணே, இந்தச் சோதனைய ஏன் மூடி வச்சிருக்கீங்க?"

"அது கத்துச்சு."

"ஏன் கத்துச்சுன்னு பாத்தீங்களா?"

"ஏன் பாக்கணும்? மூடுனேன், நின்னுருச்சு. சத்தம் நின்னா சிக்கல் தீந்துச்சு தங்கச்சி."

பிறகு நானே தோண்டிப் பார்த்தேன். வேன் கம்பெனி சர்வரின் பெயர் ஒரு நாள் சரியாகக் கிடைக்காமல் பிழை காட்டியிருக்கிறது. இவர் பெயரைத் தூக்கிவிட்டு, அந்த சர்வர் அன்றைக்கு எந்த இணைய முகவரி எண்ணில் இருந்ததோ அந்த எண்ணையே எழுதிவிட்டார். சான்றிதழ் பெயருக்குத்தான் கொடுப்பார்கள், எண்ணுக்கு அல்ல. ஆகவே சோதனை, இது பொருந்தவில்லையே என்று கத்தியது. உடனே சோதனையின் வாயையும் மூடிவிட்டார். ஒரு சத்தத்தை அடக்கப் போய் இன்னொரு சத்தம், அதையும் அடக்கியாயிற்று.

"அந்த எண்ணு நாளைக்கு வேற யாருக்காவது போனா என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"அட்ரஸ்ல எச்டிடிபிக்குப் பின்னால எஸ் இருக்கா இல்லியா? எஸ்னா செக்யூர் லா. நான் சிங்கப்பூர்ல இருந்தப்ப..." என்று ஆரம்பித்தார். எழுந்து வந்துவிட்டேன். ஒரு நாள் நானாகவே அந்த வரியைத் திருத்தி வைத்தேன். அவ்வளவு பெரிய சோம்பேறி, அதை மட்டும் மறுநாளே பழையபடி மாற்றிவிட்டார்.

இன்னொன்றும் செய்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து 'சரி' என்று ஏதாவது ஒரு பதில் வந்தால் போதும், சுவரில் மாட்டிய திரையில் பச்சை எழுத்தில் 'பெர்ஜாயா' என்று வரும். வெற்றி என்று பொருள். யார் சரி என்று சொன்னது, எதற்குச் சொன்னது, அதெல்லாம் பார்ப்பதில்லை. சென்டரில் மிஸ்ஸியின் திரையிலும் அதே பச்சைதான். அவர் அதை நம்பினார். நம்பச் சொல்லித்தானே கொடுத்திருந்தோம்.

அந்த நோயாளிகளில் மாரிமுத்து என்று ஒரு பெரியவர். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய்விட்டது. நான்காம் மாடி பிளாட். அங்கே லிஃப்ட் ஓடுகிற நாளைவிட ஓடாத நாள்தான் அதிகம். வேன்காரர்கள் இரண்டு பேர் ஏறிப்போய் நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்குவார்கள். மகள் பூங்கொடிக்கு சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலை. விடிவதற்குள் பாலம் தாண்டிவிடுவாள். ஆக, வேன் வராவிட்டால் அவர் நான்காம் மாடியைவிட்டு இறங்க வழியில்லை. வேன் சற்றுத் தாமதமானால் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்வார். "தம்பிக்குத் தொந்தரவு குடுத்துட்டேனா?" என்றுதான் தொடங்குவார். எங்கள் அண்ணனுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பிடிக்காமல் என்ன?

அந்த வருடம் ஆயுத பூஜை செவ்வாய்க்கிழமை வந்தது. எல்லா லேப்டாப்பும், கீபோர்டும், ஸ்க்ரூட்ரைவர் பெட்டியும் சரஸ்வதி படத்துக்கு முன்னால். சந்தனம் வைத்து, சிவப்புத் துணி போர்த்தி, மறுநாள் விஜயதசமி பூஜை முடியும்வரை எவரும் எதையும் தொடக்கூடாது. கீழே டயர் கடைக்காரரும் ஸ்பானரைத் தொடமாட்டார். ஆனால் அவர் கடையையே சாத்திவிடுவார். வண்டி எதுவும் உள்ளே வராது. இவர் சர்வரை அணைத்தாரா? இல்லையே. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆயுதம் வேலை செய்யலாம், நாம்தான் அதை எட்டிப் பார்க்கக்கூடாது. இப்படியொரு பக்தியை எந்தச் சாமி கேட்டது?

காலையில் தேங்காய் உடைப்பதற்குள் மிஸ்ஸியின் போன். வேனில் வரவேண்டிய ஒருவரும் வரவில்லை. இவர் சுவரைப் பார்த்தார். "இங்க எல்லாம் பச்சையா இருக்கு மிஸ்ஸி. வேன்காரன் தூங்கிட்டான் போல." அடுத்து வேன் கம்பெனிக்கு அடித்தார். அவர்கள் ஏதோ விளக்க ஆரம்பித்தார்கள். "ஒங்க கதையெல்லாம் எனக்கு வேணாம், எங்க சிஸ்டம் அனுப்பிருச்சு" என்று பாதியிலேயே வெட்டினார். மற்ற நோயாளிகளை வீட்டார் எப்படியோ காரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். சேர முடியாதவர் மாரிமுத்து ஒருவர்தான். கடைசியாகச் சனிக்கிழமை ரத்தம் சுத்தம் செய்துகொண்டவர்.

அவரும் போன் செய்தார். பக்கத்திலேயே நின்று கேட்டேன்.

"தம்பி, தொந்தரவு குடுத்துட்டேனா? வேன் வரல. மூச்சு கொஞ்சம் வாங்குது."

"ஐயா, நாளைக்கு ஒங்களுக்கு எடம் போட்டாச்சு. வேன் கண்டிப்பா வரும். டென்ஷன் ஆகாம இருங்க."

"சரி தம்பி. காலையிலேயே ரெடியா இருக்கேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, லேப்டாப்பத் தொறந்து ஒரே ஒரு தடவ பாத்துடறேன். அந்தப் பக்கம் போய்ச் சேருதா இல்லியான்னு தெரிஞ்சிரும்."

"இன்னிக்கா? சாமி குத்தம் தங்கச்சி."

"அவருக்கு மூச்சு வாங்குதாம்ணே!"

"அதான் நாளைக்குன்னு சொல்லியாச்சுல்ல? நல்ல நாளும் அதுவுமா ஏன் கத்துற?"

கைப்பேசியை மௌனத்தில் போட்டார். எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தார். அலுவலகத்தைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கியதும் நான் மிஸ்ஸியை அழைத்தேன். "ஒங்க பாஸ் எல்லாம் ஓகேன்னு சொல்லிட்டாரேம்மா. நாளைக்குப் பேரும் ஏத்திட்டேன், பச்சை வந்துருச்சு" என்றார். அந்தப் பச்சை பொய் என்று காட்ட என் கையில் ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் சிவப்புத் துணிக்கு அடியில் இருந்தது.

புதன்கிழமை பூஜை முடிந்து துணியை எடுக்கும்போது நண்பகல். அதுவரை அவர் கைப்பேசி மௌனத்தில்தான் கிடந்தது; மிஸ்ஸி எத்தனை தடவை அடித்தாரோ தெரியாது. அவர் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பைத் திறந்து, எங்களுக்கு 'சரி' என்று சொன்ன சர்வர் என்ன பதில் அனுப்பியிருக்கிறது என்று பார்த்தேன். மூன்றடுக்குக் கல்யாணக் கேக் ஒன்றின் படம். கீழே, பிறந்தநாளுக்கு முன்பதிவு செய்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம் என்று விளம்பரம். எவரோ ஒரு கேக் வியாபாரியின் வலைத்தளம். யார் எதை அனுப்பினாலும் தன் முகப்புப் பக்கத்தைக் காட்டிச் 'சரி' என்று சொல்லிவிடும்.

வேன் கம்பெனியை அழைத்தேன். சர்வரைத் திங்கட்கிழமை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். ஒரு மாதமாக மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினார்களாம். வேன் கம்பெனியின் மின்னஞ்சல் எதுவும் கண்ணில் படாதபடி அண்ணன் எப்போதோ ஒதுக்கிவைத்திருந்தார். பழைய எண் கேக் வியாபாரிக்குப் போய்விட்டது. இரண்டு நாளாக எங்கள் நோயாளிகளின் பெயர், வீடு, வியாதி எல்லாவற்றையும் நன்றாகப் பூட்டி, பத்திரமாக, எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர் வாசலில் கொட்டிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வரி மட்டும் இல்லாதிருந்தால் சோதனை திங்கள் மதியமே கத்தியிருக்கும், இது வேன் கம்பெனி இல்லை என்று. மிஸ்ஸியின் திரை சிவந்திருக்கும். அவர் தொலைபேசியை எடுத்துப் பேசிக் காரியத்தை முடித்திருப்பார்.

மிஸ்ஸியைக் கூப்பிட்டு மாரிமுத்து ஐயா வந்தாரா என்று கேட்டேன். வரவில்லை என்றார். பக்கத்து வீட்டுக்காரர் கதவு திறந்தே கிடக்கிறதே என்று எட்டிப் பார்த்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து, ஆட்கள் நான்கு மாடி ஏறிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அலுவலகத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் அந்தக் கேக் அப்படியே இருந்தது.

"அந்தப் பக்கத்த மொதல்ல மூடு தங்கச்சி" என்றார். பிறகு, குரலை இன்னும் தணித்து, "அனுப்புன ரெக்கார்டு, லாக்கெல்லாம் அழிச்சிரு" என்றார்.

மனிதப் பிறவியா இது என்று எனக்குள் பற்றிக்கொண்டு வந்தது. அழிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் சென்டருக்கு அனுப்பினேன், யார் எழுதிய வரி என்பதோடு. வேலையை விடுகிறேன் என்று அடுத்து எழுதினேன். அவர் தடுக்கவில்லை, திட்டவும் இல்லை. "சரி, சரி" என்று போய் உட்கார்ந்து, நெற்றியில் வழிந்த வியர்வையை விபூதியோடு சேர்த்துத் துடைத்தார். அந்த அமைதியை நான் பிறகு எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

மறுநாள் பிளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். லிஃப்ட் அன்றும் ஓடவில்லை. அண்ணன் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. வெள்ளைச் சட்டையும் பெரிய ரோஜா மாலையுமாக வந்தார். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, பெட்டியின் தலைமாட்டில் நின்ற பூங்கொடியிடம் போனார். நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவளுக்கு நடந்தது எல்லாம் தெரியும். முதல் நாள் மாலையே மிஸ்ஸி வந்து சொல்லியிருந்தார்.

"அப்பா தங்கமான மனுஷம்மா" என்றார் அவர். "ஒரு நாளும் ஒரு கம்ப்ளேன் பண்ணதில்ல."

பூங்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை. கேட்க நான்கூடக் குனிய வேண்டியிருந்தது.

"நாளைக்கு வேன் கண்டிப்பா வரும்னு சொன்னீங்களாம். விடியக்காலையில நான் வேலைக்குக் கெளம்பறப்பயே எந்திரிச்சு சட்டையெல்லாம் போட்டுக்கிட்டாரு. வேன் பசங்க தட்டிக்கிட்டு நிக்கக்கூடாது, கதவத் தொறந்து வச்சிட்டுப் போன்னாரு. நீங்க சொன்ன நாளைக்கு வரைக்கும் எங்கப்பா இருந்தாரு அண்ணே. வேன்தான் வரல."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். நாற்காலிகளில் இருந்தவர்கள் எவர் காதிலும் அது விழுந்திருக்காது. இருந்தும் கையைத் தாழ்த்தி, குழந்தையை அடக்குவதுபோல ஆட்டினார்.

"மெதுவாம்மா" என்றார். "மெதுவாப் பேசு."